உயிரோடு அழுகிய கொடுவா

எங்கள் அலுவலகத்தின் பெயர்ப்பலகை வாசலை விட நீளம். கடல் உணவு மணநிலைக் கண்காணிப்பு மற்றும் மின்னணு உணரித் தரச்சான்று வாரியம், காரைக்கால் கிளை. பலகையில் இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்தைப் பெயிண்டர் சுவரில்தான் எழுதினார். இவ்வளவையும் சொல்லி முடிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஊர் சனம் மூக்காபீஸ் என்று சுருக்கிவிட்டது. ஆட்டோவில் ஏறி மூக்காபீஸ் என்றால் போதும், நேராக வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். இயக்குநருக்கு மட்டும் இந்தப் பெயர் தெரியாது. தெரிந்தால் அதற்கும் ஒரு சுற்றறிக்கை வரும், அதையும் நான்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

நான் மதியழகன், இளநிலை உதவியாளர். கூட்டம் நடந்தால் குறிப்பு எழுதுவேன், படிவம் நிரப்புவேன், இயக்குநர் சிரித்தால் சிரிப்பேன். இந்த விவகாரத்தில் நான் செய்த வீரச்செயல் எதுவும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் எதிர்பார்த்து ஏமாற வேண்டியதில்லை.

வாரியத்துக்கு ஒரே ஒரு வேலை, ஒரே ஒரு எந்திரம். சந்தைக்கு வரும் மீன் நல்லதா கெட்டதா என்று சொல்வதுதான் வேலை. எந்திரம் ஒரு டார்ச் லைட் அளவில் இருக்கும். முனையில் சல்லடை மூடி, அதற்குள்ளே சட்டைப் பொத்தானில் பாதி அளவுக்கு ஒரு வில்லை. மீனுக்கு மேலே பிடித்தால் பச்சை எரியும், இல்லையென்றால் சிவப்பு எரியும். பச்சை என்றால் விற்கலாம். சிவப்பு என்றால் பினாயில் ஊற்றிப் புதைக்க வேண்டும். ஒரே மேடைக்கு மூன்று சிவப்பு விழுந்தால் அந்த மேடை பறிமுதல்.

காரைக்காலில் மீன் வாங்குகிற யாருக்கும் இதற்கு எந்திரம் தேவைப்பட்டதில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள், விரலால் ஒரு அழுத்து, குனிந்து ஒரு மோப்பம். நாலு நொடியில் முடிந்துவிடும். அதையே செய்ய எங்களுக்கு ஒரு கட்டடமும், ஒரு ஜீப்பும், பதினேழு ஊழியர்களும் வேண்டியிருந்தது.

எந்திரத்தை ஆன் செய்வதற்கு ஒரு முறை உண்டு. விதிப்படி அதை ஆன் செய்யத் தகுதியுள்ளவர் இயக்குநர் மட்டும்தான். இயக்குநர் டாக்டர் இளையபெருமாளோ தன் அறையை விட்டு நகர மாட்டார். அறையில் இரண்டு ஏசி. ஆகவே தினமும் காலை ஒன்பதரை மணிக்கு, கள அலுவலர் கலைவாணன் எந்திரத்தை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து அறைக்குள் எடுத்துப் போவார். இயக்குநர் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று பொத்தானை அழுத்துவார். எந்திரம் இரண்டு நிமிடம் அந்த அறைக் காற்றை இழுத்து, இதுதான் நல்ல காற்று என்று பதிவு செய்துகொள்ளும். நாங்கள் நாலு பேர் கை கட்டி நிற்போம். சாமி புறப்பாடு மாதிரிதான், மேளம் மட்டும் இல்லை. பிறகு எந்திரம் ஜீப்பில் ஏறிச் சந்தைக்குப் போகும்.

இரண்டு ஏசி ஓடுகிற அறையின் காற்று அப்பளம் மாதிரி காய்ந்த காற்று. சந்தையில் இருப்பது ஐப்பசி மாதத்துக் கடற்காற்று. போட்ட துணி மூன்று நாள் காயாது, கல் உப்பு ஜாடிக்குள்ளேயே தண்ணீர் விடும். போதாததற்குத் தரையெல்லாம் ஐஸ் உருகி ஓடும், மீன்காரர்கள் நிமிடத்துக்கு ஒரு தரம் மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். இந்த இரண்டு காற்றுக்கும் வித்தியாசம் இருக்குமே என்று பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தோன்றும். எங்களில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஐந்து பேர், ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் நாள் சந்தையில் இருந்த முப்பத்தொரு மேடைக்கும் சிவப்பு. மீனுக்குச் சிவப்பு, இறாலுக்குச் சிவப்பு, ஐஸ் பெட்டிக்குச் சிவப்பு. துவக்க விழாவுக்குக் கட்டிய ஈர வாழைமரத்துக்கும் சிவப்பு. கலைவாணன் சந்தேகப்பட்டுத் தன் உள்ளங்கை மேல் பிடித்துப் பார்த்தார், சிவப்பு. ஓடிப்போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி பிடித்தார், இன்னும் பளிச்சென்று சிவப்பு.

மனிதர் ஆடிப்போய்விட்டார். இயக்குநரிடம் வந்து, "சார், எல்லாத்துக்கும் செவப்பு காட்டுது சார். மெசினுல ஏதும் கோளாறு..." என்று இழுத்தார்.

இயக்குநர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "கலைவாணன், ஒரு எந்திரம் எல்லாருக்கும் ஒரே மாதிரி சிவப்பு காட்டுதுன்னா என்ன அர்த்தம்? அதுக்குப் பாரபட்சம் கிடையாதுன்னு அர்த்தம். இந்த நாட்டுல பாரபட்சம் இல்லாத அதிகாரி ஒருத்தர் கிடைக்கிறதே கஷ்டம். கிடைச்சவரைப் போய்ச் சந்தேகப்படுறீங்களே!"

கலைவாணன் தலையைத் தொங்கப் போட்டார். முதல் நாளிலேயே நூறு சதவீதம் கண்டுபிடிப்பு என்று நான் பத்திரிகைக்குச் செய்தி எழுதினேன்.

மறுநாளே சந்தை எங்களைப் புரிந்துகொண்டது. மீன்காரர்கள் காலை ஆறு மணிக்கு வந்து, பத்து மணிக்கு ஜீப் சத்தம் கேட்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கச் சந்துக்குள் போய்விடுவார்கள். நாங்கள் காலி மேடைகளைச் சோதித்து, 'மீன் இல்லை' என்று எழுதிவிட்டுத் திரும்புவோம். ஜீப் போனதும் வியாபாரம் தொடரும். எல்லோருக்கும் வசதியான ஏற்பாடு. அப்படியே ஓடியிருந்தால் நான் ஓய்வு பெறும்வரை ஓடியிருக்கும்.

ஓடாததற்குக் காரணம் பதினாலாம் மேடை அஞ்சுகம். கிளிஞ்சல்மேட்டுக்காரி. வீட்டுக்காரர் நீலமேகம் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். விடியலில் படகு கரையில் ஏறியதும் மீனைப் பிரித்து, கூடையில் ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வருவாள். பத்தொன்பது வருடம் ரோட்டோரத்தில் தார்ப்பாய் விரித்து விற்றவள். மழைக்கும் வெயிலுக்கும் தலைக்கு மேலே ஒன்றும் கிடையாது. நாலு வருடத்துக்கு முன்னால் குலுக்கலில் அந்த மேடை விழுந்தது. கூரை, தண்ணீர்க் குழாய், சிமென்ட் மேடை, மேடையில் நீல பெயிண்டில் பதினாலு என்ற எண். அந்த எண்ணைத் தினமும் காலையில் துடைத்துவிட்டுத்தான் கூடையை இறக்குவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜீப் வந்ததும் எல்லோரும் ஓட, இவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரி அஞ்சுகம், வந்துட்டானுவ பாரு," என்று பக்கத்து மேடை கமர் நிஷா கூடையோடு ஓடிக்கொண்டே கத்தினாள்.

"நான் எதுக்கு ஓடணும்? திருட்டு மீனா விக்கிறேன்? இப்பத்தான் கரையேறுன மீனு. எந்த மெசினு வேணா வரட்டும்."

நாங்கள் போனோம். அவள் முன்னால் ஒரு கொடுவா மீன் கிடந்தது. ஆறு கிலோ தேறும். செவுள் திறந்து திறந்து மூடியது, வால் ஒரு தட்டுத் தட்டியதில் என் பேன்ட்டில் தண்ணீர் தெறித்தது. கலைவாணன் எந்திரத்தைப் பிடித்தார். சிவப்பு.

அஞ்சுகம் எந்திரத்தைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். "சார், அது இன்னும் சாவவே இல்ல சார்," என்றாள்.

"செவப்பு செவப்புதாம்மா," என்றார் கலைவாணன். அவர் குரலில் கொஞ்சம் அழுகை கலந்திருந்தது.

அந்த மீனை வாங்க நின்றிருந்தவர் முசே லெயோன், முசே என்பது பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சமையல்கட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை தவறாமல் அஞ்சுகத்திடம்தான் மீன் வாங்குவார். மனிதர் குனிந்து கொடுவாவை மோந்து பார்த்துவிட்டு, "கடல் வாசனதான் அடிக்குது, வேற ஒண்ணும் இல்ல. நான் வாங்கிக்கிறேன்," என்றார்.

கலைவாணன் கையேட்டைப் புரட்டினார். "சார், உங்க மூக்குக்குத் தரச்சான்று இருக்குதா?"

"என் மூக்குக்கா?"

"ஆமாங்க. சான்று பெறாத கருவியைப் பயன்படுத்தி மீனைப் பரிசோதிக்கிறது விதி ஒன்பதுல குற்றம். இந்த ஒரு தடவை விட்டுர்றேன்."

முசே லெயோன் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் நல்ல வார்த்தை இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

படிவத்தில் எனக்குச் சிக்கல் வந்தது. மீனின் நிலை என்ற இடத்தில் 'புதியது', 'அழுகியது' என்று இரண்டுதான் உண்டு. சிவப்பு விழுந்ததால் புதியது என்று எழுத முடியாது. செவுள் ஆடிக்கொண்டிருந்ததால் அழுகியது என்று எழுதக் கை வரவில்லை. அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். இயக்குநர் பத்து நிமிடம் யோசித்து, 'உயிரோடு அழுகியது' என்று ஒரு புதிய வகையைப் படிவத்தில் சேர்க்கச் சொன்னார். பிற்பாடு அந்த வகையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கருத்தரங்கில் படித்து, பொன்னாடையும் வாங்கிக்கொண்டார்.

முதல் நாள் விழுந்ததோடு சேர்த்துப் பதினாலாம் மேடைக்கு இது இரண்டாவது சிவப்பு. இன்னும் ஒன்று விழுந்தால் மேடை இல்லை.

அஞ்சுகம் ஓலமிடவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அன்று மதியமே ஆட்டோ பிடித்து மூக்காபீசுக்கு வந்துவிட்டாள். மேல்முறையீட்டு மனு எழுத என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். மனு கொடுத்தால் மீனைப் புதைக்கக் கூடாது, சாட்சிப் பொருளாக வைத்திருக்க வேண்டும். விசாரணையில் அதே மீனை மறுபடி சோதிப்பார்கள். பச்சை வந்தால் பழைய சிவப்பு இரண்டும் ரத்து. சிவப்பு வந்தால் அது மூன்றாவது. இதையெல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"வெசாரண எப்ப தம்பி?"

"பதினோரு நாள் கழிச்சுக்கா."

"பதினோரு நாளா? அதுவரைக்கும் எந்த மீனுப்பா நல்லாருக்கும்? வேற மீனு கொண்டாறேனே, அன்னக்கிப் புடிச்சது."

"சாட்சிப் பொருள மாத்த முடியாதுக்கா."

"சரி, ஐஸ்லயாச்சும் வைப்பீங்களா?"

நான் கையேட்டைப் பார்த்தேன். சாட்சிப் பொருளின் வெப்பநிலையை மாற்றுவது சாட்சியைக் கலைப்பதாகும் என்று போட்டிருந்தது. விசாரணைக் கமிட்டியின் ஏசி அறையில், கண்ணாடிப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் உப்புப் பொட்டலங்களோடு வைக்க வேண்டும். ஐஸ் ஈரமாம். ஆகவே ஐஸ் கூடாதாம். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் மேசையில் இருந்த ஸ்டேப்ளரைத் திறந்து மூடினேன்.

அப்போதுதான் நௌஷின் தன் சோதனைக்கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். நௌஷின் ஒப்பந்த விஞ்ஞானி. பதினேழு பேரில் அறிவியல் தெரிந்தவள் அவள் ஒருத்தி, வேலை நிரந்தரம் இல்லாதவளும் அவள் ஒருத்திதான். அஞ்சுகத்தை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, உதிரியாக இருந்த ஒரு வில்லையைக் காட்டினாள்.

"அக்கா, இது மேல வெள்ளைப் பூச்சு தெரியுதா? வெள்ளீய ஆக்சைடு. பாத்திரத்துக்குப் பூசுவாங்களே, அந்த ஈயத்த வெச்சு செய்யிறது. கண்ணுக்குத் தெரியாத ஓட்ட ஓட்டயா இருக்கும், பஞ்சு மாதிரி. மீன் கெட்டா ஒரு வாயு வருமில்ல, அது இந்த ஓட்டைக்குள்ள போச்சுன்னா பூச்சுல கரண்டு கூடுதலா ஓடும். ஒடனே செவப்பு."

"சரி. எம் மீனு கெடலியே."

"அதான்க்கா சொல்ல வர்றேன். ஈரக்காத்து உள்ள போனாலும் அதே மாதிரிதான் கரண்டு கூடும். இதுக்கு வித்தியாசம் தெரியாது. ஏசி ரூம்ல காஞ்ச காத்துல ஆன் பண்ணிட்டு, ஒங்க சந்தையில கொண்டாந்து நீட்டுனா எல்லாமே நாத்தம்னுதான் சொல்லும். இப்ப பாருங்க."

விதியை மீறித் தானே எந்திரத்தை ஆன் செய்து பச்சை வந்ததும், அஞ்சுகத்தின் வாய்க்கு நேரே பிடித்தாள். "ஊதுங்க."

அஞ்சுகம் கண்ணாடியைத் துடைக்க ஊதுவது மாதிரி 'ஹா' என்று ஊதினாள். சிவப்பு.

"அட பாவிகளா! அப்ப நானும் அழுவிட்டனா?" என்றாள் அஞ்சுகம். நௌஷின் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன், பிறகு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"இத உங்க பெரியவர்ட்ட சொல்லக் கூடாதா பாப்பா?"

"நாலு தடவ எழுதிக் குடுத்துட்டேன்க்கா. சந்தையிலயே வெச்சு ஆன் பண்ணுங்க, ஈரப்பதம் பாக்குற கருவி ஒண்ணு கூட வையிங்கன்னு. சந்தையில ஆன் பண்ணணும்னா சார் சந்தைக்கு வரணும். அவருக்கு மீன் வாட ஒத்துக்காதாம்."

ஐந்தாவது தடவையும் எழுதிக் கொடுத்தாள். அது இயக்குநர் மேசைக்குப் போனது. மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார்.

"ஈரப்பதம் ஒரு பிரச்சினைன்னு நம்ம இளைய விஞ்ஞானி எழுதியிருக்காங்க. நான் கருவியோட கையேட்டைப் படிச்சேன். நாற்பத்தஞ்சு சதவீத ஈரப்பதத்துல கருவி மிகத் துல்லியமா வேலை செய்யும்னு போட்டிருக்கு. அப்போ நம்ம செய்ய வேண்டியது என்ன? சந்தையில ஈரப்பதம் நாற்பத்தஞ்சு சதவீதமா இருக்கணும். அவ்வளவுதானே? அதுக்கு ஏன் கருவியைக் குறை சொல்லணும்?"

"சார், அங்க தொண்ணூறு சார் இருக்கு," என்றாள் நௌஷின்.

"யார் அனுமதி கொடுத்தா?" என்றார் இயக்குநர்.

சுற்றறிக்கையை நான்தான் அடித்தேன். சந்தை வளாகத்தில் ஈரப்பதம் நாற்பத்தைந்து சதவீதமாகக் கருதப்படும். மீன் மீது தண்ணீர் தெளிப்பது, ஐஸ் போடுவது, நனைந்த உடையுடன் நுழைவது ஆகியவை தடை செய்யப்படுகின்றன. 'இங்கே ஈரப்பதம் 45%' என்று ஒரு பலகை எழுதிச் சந்தை வாசலில் மாட்டினோம். மாட்டிய அன்று கொட்டிய மழையில் நாலும் ஐந்தும் கரைந்து வழிந்து, சதவீதக் குறி மட்டும் மிச்சம் நின்றது. அடுத்த கூட்டத்தில் சந்தைக்கும் கடலுக்கும் நடுவே முப்பது அடி உயரச் சுவர் எழுப்பலாம் என்று ஒரு வாரிய உறுப்பினர் யோசனை சொன்னார். சுவர் எழுப்பினால் கடலிலிருந்து மீன் எப்படி வரும் என்று இன்னொருவர் கேட்டார். அதை ஆராய ஒரு துணைக் கமிட்டி போட்டார்கள்.

இதற்கிடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கொடுவா தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் கண் குழிந்தது. ஐந்தாம் நாள் கமிட்டி அறைப் பக்கம் போகிறவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு ஓடினார்கள். எட்டாம் நாள் கணக்குப் பிரிவில் ஒருவர் மருத்துவ விடுப்பு போட்டார். பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தாது. புகார் எழுதலாம் என்றால், சாட்சிப் பொருள் நாறுகிறது என்று எழுதுவது விசாரணைக்கு முன்பே தீர்ப்புச் சொல்வதாகும். ஆகவே யாரும் எழுதவில்லை.

பதினோராம் நாள் விசாரணை. அறைக்குள் நுழைந்ததுமே எனக்குக் கண் எரிந்தது. விசாரணைக் கமிட்டியின் ஐந்து உறுப்பினர்கள், இயக்குநர், கலைவாணன், நௌஷின், நான். எதிரே அஞ்சுகம். உறுப்பினர் ஒருவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார்.

"கைக்குட்டையை உள்ளே வையுங்க," என்றார் இயக்குநர். அவர் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. "இன்னும் சோதனை முடியலை. அதுக்கு முன்னாடி மூக்கை மூடினா, நம்ம மூக்கை நம்பி நடக்கிறோம்னு ஆயிடும். மூக்கு தனிநபர் அபிப்பிராயம். கருவிதான் அரசாங்க அபிப்பிராயம்."

ஐந்து கைக்குட்டைகளும் சட்டைப் பைக்குள் போயின.

எவர்சில்வர் தட்டில் எந்திரம் வந்தது. இயக்குநர் செருப்பைக் கழற்றி எழுந்து நின்று, கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி, அதற்குப் பக்கத்திலேயே பொத்தானை அழுத்தினார். எந்திரம் இரண்டு நிமிடம் அந்த அறைக் காற்றை இழுத்தது.

நௌஷின் என் காதருகே, "யா அல்லா, நாத்தத்துலேயே ஆன் பண்றார். இதையே நல்ல காத்துன்னு எடுத்துக்கிட்டுது," என்றாள்.

கலைவாணன் எந்திரத்தைக் கொடுவாவின் மேலே பிடித்தார். பதினோரு நாள் ஏசியிலும் உப்பிலும் கிடந்து அதன் தோல் காய்ந்த தோல் செருப்பு மாதிரி ஆகியிருந்தது. வயிறு வெடித்திருந்தது. சொட்டு ஈரம் கிடையாது. எந்திரத்தில் பச்சை எரிந்தது.

ஐந்து பேரும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள். பேச வாயைத் திறந்தால் காற்று உள்ளே போகும்.

"வாழ்த்துகள்மா," என்றார் இயக்குநர், மெதுவாக, பல்லைக் கடித்தபடி. "உங்க மேல்முறையீடு ஏத்துக்கப்பட்டது. மீன் முதல் தரம். ரெண்டு சிவப்பும் ரத்து. மேடை உங்களுக்குத்தான்."

அஞ்சுகத்தின் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. நான் பார்த்தேன். வாரியத்தில் நுழைந்த யாருடைய முகத்திலும் அதுவரை நான் பார்க்காத வெளிச்சம். கும்பிட்டாள்.

"ஒரு சின்ன நடைமுறை," என்றார் இயக்குநர். "இது நம்ம வாரியத்தோட முதல் பச்சை. சான்று பெற்ற மீனை இன்னைக்கே பதினாலாம் மேடையில வெச்சு, சான்றிதழோட விக்கணும். வாங்குறவர்கிட்ட கையெழுத்து வாங்கணும். போட்டோ எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பணும். மதியழகன் கூட வருவார்."

"எத விக்கணும் சார்?"

"இந்தக் கொடுவாவை."

"சார், இது..." அவள் பெட்டியைப் பார்த்தாள். "இத யாரு சார் திம்பா? நாயி திங்காது."

"எந்திரம் பச்சை காட்டின பிறகு நாத்தம் மனசுலதாம்மா இருக்கு. விக்க மறுத்தா சான்றிதழை அவமதிச்சதா ஆகும். மேல்முறையீடும் செல்லாது."

"கடல்ல கொண்டு போட்டுர்றேனே சார். வித்துட்டேன்னு எழுதிக்கிடுங்க."

"பொய் எழுதச் சொல்றீங்களா?" என்றார் இயக்குநர். உண்மையிலேயே அதிர்ந்துவிட்டார். "இது அரசு நிறுவனம்மா."

எனக்கு அப்போது வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் 'இது அரசு நிறுவனம்' என்று எழுதினேன்.

அஞ்சுகம் மறுபடி பெட்டியைப் பார்த்தாள். சரி என்றால் போதும், மேடை அவளுடையது. கூரையும் குழாயும் நீல எண்ணும் அவளுடையது. யாரோ ஒரு ஏமாந்த மனிதர் தலையில் அந்த மீனைக் கட்டினால் முடிந்தது. என்னைக் கேட்டால் நான் கட்டியிருப்பேன். பதினேழு பேரும் கட்டியிருப்போம். அதைத்தானே தினமும் செய்துகொண்டிருந்தோம்.

"மேட போனா ரோட்டுல உக்காந்து விப்பேன் சார்," என்றாள் அவள். "அஞ்சுகத்துக்கிட்ட வாங்குன மீனு நாறிப் போச்சு, எம் புள்ளைக்கு வாந்தி பேதி வந்துதுன்னு ஒருத்தி சொன்னான்னா, அப்பறம் நான் எங்க போயி உக்காருவேன்?"

சொல்லிவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தாள். கலைவாணன் இன்னும் மீனுக்கு மேலேயே எந்திரத்தைப் பிடித்திருந்தார், மூச்சு விடாமல் நின்றதில் அசையவும் மறந்திருந்தார். அஞ்சுகம் குனிந்தாள்.

"என்ன செய்றீங்க?" என்றார் இயக்குநர்.

"மோந்து பாக்குறேன் சார்."

எந்திரத்தின் முனைக்கு நேரே வாயை வைத்து, அடிவயிற்றிலிருந்து 'ஹா' என்று ஊதினாள்.

சிவப்பு எரிந்தது.

அடுத்து நடந்ததை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். ஐந்து உறுப்பினர்களும் ஒரே நேரத்தில் கைக்குட்டையை உருவி மூக்கில் அழுத்திக்கொண்டார்கள். நாற்றம் இப்போது அதிகாரபூர்வமாகிவிட்டது. "அய்யய்யோ, என்ன நாத்தம்!" என்றார் ஒருவர், பதினோரு நாளாக அடக்கி வைத்திருந்த குரலில். இன்னொருவர் ஜன்னலுக்கு ஓடினார். இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து, கர்சீப்பின் வழியாக நிம்மதியாக மூச்சு விட்டார்.

"பாத்தீங்களா? கருவி தப்பே செய்யாது," என்றார். "முதல்ல காட்டினது ஒரு இடைக்காலப் பச்சை. நல்லா ஆராய்ஞ்சு பாத்துட்டு இப்போ இறுதிச் சிவப்பு கொடுத்திருக்கு. மதியழகன், எழுதிக்குங்க."

எழுதினேன். மனுதாரர் முன்னிலையில் கருவியின் துல்லியம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமானது. பதினாலாம் மேடைக்கு மூன்றாவது சிவப்பு. மேடை பறிமுதல். வாரியம் தொடங்கியதிலிருந்து அழுகிய மீனை அழுகியது என்று நாங்கள் எழுதியது அந்த ஒரு தடவைதான், அதற்கும் அவள் மூச்சு தேவைப்பட்டது. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை.

அஞ்சுகம் கைநாட்டு வைக்கவில்லை, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "இப்பத்தான் சரியா எழுதியிருக்கீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். நௌஷின் அவளோடு வாசல்வரை போனாள், திரும்பி வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது, புதுப்பிக்கவில்லை. பதினாலாம் மேடையை அரக்கு வைத்து மூடினோம். இரண்டு நாள் கழித்து அந்த மேடையில் கருவியின் பெரிய படம் ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்தார்கள்.

வாரியத்துக்கு அந்த வெற்றி போதவில்லை. சந்தைக்கு வெளியிலும் சோதிக்க உத்தரவு வந்தது. மறு வாரம் நானும் கலைவாணனும் ஜீப்பில் போனபோது, பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் அஞ்சுகம் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தலையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்திருந்தாள், புடவை முழுக்க நனைந்திருந்தது. சுற்றிலும் குடையோடு ஏழெட்டுப் பேர். பாறை மீனும் சங்கரா மீனும் வேகமாக விற்றுப் போய்க்கொண்டிருந்தன.

கலைவாணன் இறங்கிப் போய் எந்திரத்தை நீட்டினார். சிவப்பு. நான் படிவத்தை எடுத்து நனையாமல் சட்டைக்குள் வைத்துப் பேனாவைத் திறந்தேன். மேடை எண் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

கூட்டம் எங்களைப் பார்த்தது. அஞ்சுகம் மட்டும் நிமிரவில்லை. ஒரு சங்கராவின் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்:

"செவப்பா சார்? நல்லது. எழுதிக்கிடுங்க. மேடய எடுத்துட்டீங்க. இப்ப எத எடுத்துட்டுப் போவப் போறீங்க? ரோட்டயா?"

கலைவாணன் கையேட்டைப் புரட்டினார். மேடை எண் இல்லாத மீன் மீது நடவடிக்கை எடுக்க அதில் விதி எதுவும் இல்லை. ரோட்டைப் பற்றியும் ஒன்றும் இல்லை. நனைந்த பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"தள்ளி நில்லுங்க சார்," என்றாள் குடையோடு நின்ற ஒரு பெண், "மீனு வாங்கணும்."

நாங்கள் தள்ளி நின்றோம்.